அமெரிக்கா கேட்டது, அதில் என்ன குற்றம்?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாட்களாக இருந்தேன். எங்கள் இசை ரசிகர் கூடுகைக்கு வந்தவர்களுக்கும், பிறகு காணொளியில் பார்த்தவர்களுக்கும் விளக்கம் தேவையில்லை. பிரிட்டிஷ் ஹார்ட் ராக் என்ற அதிரடி ராக் இசை பற்றி ஒன்றரை மணி நேரம் அருமையாகப் பேசிய நண்பர், டெஃப் லெப்பர்ட் என்ற ராக் குழுவின் பெயர் வந்ததும் "அது அமெரிக்காவுக்கென்று செய்த சரக்கு, விட்டுவிடுவோம்" என்று கையை வீசித் தாண்டிப் போனார். அரங்கம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் அந்தக் குழுவின் டிரம்மரான ரிக் ஆலனின் கையைப் பற்றி ஏதோ சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். அவர் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். அமெரிக்கா அவர்களைக் கேட்டது. காது கொடுத்தவனிடம் பாடப் போவது எப்படித் துரோகம் ஆகும்?

இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட். எஃகும் கத்தியும் கரண்டியும் செய்து பிழைத்த ஊர். 1977இல் சேர்ந்த இந்தப் பையன்கள் ஒத்திகை பார்த்த இடமே ஒரு கரண்டித் தொழிற்சாலையின் அறை. ரிக் ஆலன் டிரம்ஸ் வாசிக்க வந்தபோது அவருக்கு வயது 15. முதல் இசைத்தட்டைத் தங்கள் சொந்த முயற்சியில் 1979இல் வெளியிட்டார்கள். பாடகர் ஜோ எலியட் அதை பிபிசி வானொலித் தொகுப்பாளர் ஜான் பீலிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார், பீலும் வானொலியில் ஒலிபரப்பினார். அதுவரை அவர்கள் உள்ளூரின் செல்லப்பிள்ளைகள்.

1980இல் முதல் ஆல்பம் வந்தது. அதில் அமெரிக்காவுக்கு வணக்கம் சொல்லும் பாடல் ஒன்று இருந்தது. போயிற்று எல்லாம். அமெரிக்க மண்ணில் ஒரு மேடைகூட ஏறாத காலத்தில் ஓர் இளைஞன் தூரத்து ஊரைக் கனவு கண்டு எழுதிய பாடல் அது. அதற்காக விலைபோனவர்கள் என்று பத்திரிகைகள் முத்திரை குத்தின. அந்த ஆண்டு இங்கிலாந்தின் ரெடிங் இசைத் திருவிழாவில் மேடையை நோக்கி டப்பாக்களும் பாட்டில்களும் பறந்தன. அந்தக் கதை ஊதிப் பெருக்கப்பட்டது என்று எலியட்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார், அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் முத்திரை ஒட்டிக்கொண்டது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும், இன்னொரு கண்டத்தில் நம் அரங்கில் அதே முத்திரையைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறோம்.

சரி, அமெரிக்கா என்ன செய்தது? 1981 ஆகஸ்டில், பாடல் காணொளிகளையே ஒளிபரப்பும் எம்.டி.வி. அங்கே தொடங்கியது. அந்தத் தொலைக்காட்சிக்கு அப்போது ஒளிபரப்பக் காணொளிகள் வேண்டியிருந்தன. காணொளிகளை ஏற்கெனவே கையில் வைத்திருந்தவர்களில் பிரிட்டிஷ் குழுக்கள் நிறைய. இவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தின் பாடல் ஒன்று அப்படித்தான் அமெரிக்க வீட்டு முன்னறைகளுக்குள் போனது. 1983 ஜனவரியில் மூன்றாவது ஆல்பம் 'பைரோமேனியா' வந்தபோது அங்கே தெரிந்த முகங்களாகிவிட்டிருந்தார்கள். அந்த ஆல்பம் அமெரிக்க ஆல்பம் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியது. முதலிடத்தைத் தடுத்தது யார் தெரியுமா? மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்'. சொந்த நாட்டில் அதே ஆல்பம் 18ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஒரே பாடல்கள், ஒரே குரல். ஒரு நாடு கேட்டது, இன்னொரு நாடு உதட்டைப் பிதுக்கியது.

இதில் யார் யாரைக் கைவிட்டார்கள்?

இன்னொன்றையும் நண்பர் கவனித்திருக்கலாம். அந்த ஆண்டின் காணொளிகளில் எலியட் அணிந்திருப்பது யூனியன் ஜாக் பொறித்த சட்டை. அமெரிக்கப் பிள்ளைகள் அதைப் பார்த்து பிரிட்டிஷ் கொடியை உடுத்திக்கொண்டு கச்சேரிக்கு வந்தார்கள். விலைபோனவன் தன் ஊர்க் கொடியை மார்பில் போட்டுக்கொண்டா போய் நிற்பான்?

"எம்.டி.வி. இல்லையென்றால் இவர்கள் எங்கே?" என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். வானொலி இல்லையென்றால் யார்தான் எங்கே? இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை.

வலுவான வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஒலி மிகவும் துடைத்து மெருகேற்றப்பட்டது, மனிதர் வாசித்ததுபோல் இல்லை என்பது. உண்மைதான். தயாரிப்பாளர் மட் லாங் ஒவ்வொரு குரலையும் அடுக்கடுக்காகப் பதிவு செய்தவர். கிட்டார் நாதத்தைத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தவர். எனக்கே சில பாடல்களில் மூச்சுவிட இடமில்லாததுபோல் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அது ரசனை. ஆனால் இதே மனிதர்தான் ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தையும் தயாரித்தவர். அதை நண்பர் இருபது நிமிடம் கொண்டாடினார். ஆஸ்திரேலியக் குழு என்றாலும் பொருந்தும் என்று சொல்லிக்கொண்டு கொண்டாடினார்.

அதுகூடப் போகட்டும். லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் குழுவின் கதை என்ன? 1968 டிசம்பரில் டென்வரில் தொடங்கி அமெரிக்காவைச் சுற்றினார்கள். முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் அமெரிக்காவில் வந்தது, இங்கிலாந்துக்கு மார்ச்சில்தான் போனது. இன்னொரு பிரிட்டிஷ் குழுவான டீப் பர்ப்பிள்? அவர்களுடைய முதல் பெரிய வெற்றியே 1968இல் அமெரிக்காவில் நான்காம் இடம் பிடித்த பாட்டு, சொந்த ஊர் அதைச் சீந்தவே இல்லை. இவர்கள் அமெரிக்காவுக்குப் போனால் படையெடுப்பு, வெற்றி உலா. ஷெஃபீல்ட் பையன்கள் போனால் சரக்கு விற்றார்கள். இது என்ன நியாயம்? எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். ஷெஃபீல்ட் பையன்களின் கச்சேரிக்குப் பெண்கள் வந்தார்கள், பதினான்கு வயதுப் பிள்ளைகள் வந்தார்கள். பெண்களும் சிறுவர்களும் ரசிக்கும் எதையும் நம் தீவிர ரசிகர்கள் மட்டமாகத்தான் பார்க்கிறார்கள். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இப்போது அந்தக் கையைப் பற்றி.

1984 டிசம்பர் 31. ஷெஃபீல்ட் அருகே கார் கவிழ்ந்தது. ரிக் ஆலனின் இடக்கை துண்டானது. மருத்துவர்கள் ஒட்டவைத்தார்கள், தொற்று ஏற்பட்டு மறுபடி எடுத்துவிட்டார்கள். வயது 21. குழு அவரை அனுப்பிவிட்டு வேறொருவரைத் தேடவில்லை. வாசிக்க முடியுமா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான் என்று காத்திருந்தார்கள். அவர் மின்னணு டிரம்ஸ் ஒன்றைத் தனக்கென வடிவமைக்கச் செய்து, இடக்கை அடிக்க வேண்டியதை எல்லாம் இடது காலின் மிதிகளுக்கு மாற்றிக்கொண்டார். 1986 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டோனிங்டன் இசைவிழா மேடையில் அவர் பெயரைச் சொன்னதும் கூட்டம் எழுப்பிய ஆரவாரம், அதே இங்கிலாந்தின் ஆரவாரம். அதன் பிறகுதான் 'ஹிஸ்டீரியா' ஆல்பம். 1987 ஆகஸ்டில் வெளிவந்தது, பிரிட்டனில் முதலிடம். அமெரிக்காவிலோ அது மெதுவாகத்தான் ஏறியது. முதலிடம் தொட 1988 ஜூலை வரை, கிட்டத்தட்ட ஓர் ஆண்டு ஆனது. அந்த ஓர் ஆண்டும் ஊர் ஊராக, அரங்கின் நடுவே மேடை போட்டு, நாலாபக்கமும் ஆட்கள் சூழ வாசித்தார்கள். அதிர்ஷ்டத்தில் வந்ததென்றால் முதல் வாரத்திலேயே வந்திருக்கும்.

என் அண்ணன் அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். மிருதங்கம் வாசிப்பார், மார்கழி பஜனைக்கு அவர்தான். 1989இல் இடக்கையின் இரண்டு விரல்கள் இயந்திரத்தில் போயின. பட்டறை முதலாளி ஒரு முறை வந்து பார்த்தார், அதன் பிறகு வரவில்லை. மிருதங்கம் உறையோடு அலமாரிக்கு மேல் ஏறியது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம். அடுத்த வருடம் துபாயிலிருந்து வந்த மாமா மகன் கொடுத்த கேசட்டுகளில் 'ஹிஸ்டீரியா' இருந்தது. எனக்குத்தான் கொடுத்தான். டிரம்மரின் கதையை அவன் சொல்லி நான் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து டியூஷன் முடிந்து வீடு திரும்பினேன். அண்ணன் சிமெண்ட் தரையில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டேப் ரெக்கார்டர் பக்கத்தில். ஒரு பாட்டின் தொடக்கத்தை ஓடவிட்டு, நிறுத்தி, திரும்பச் சுற்றி, மறுபடி ஓடவிட்டார். வலக்கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. இடது குதிகால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. எந்த அடி கையால், எந்த அடி காலால் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இதோ, இது கால்" என்றார். விபத்துக்குப் பிறகு தாளத்தைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது. அந்த கேசட் நாடா இரண்டு முறை அறுந்தது, இரண்டு முறையும் செலோடேப் போட்டு ஒட்டினார், எட்டு விரல்களால்.

"தனிப்பட்ட கதையைச் சொல்லி விமர்சனத்தின் வாயை அடைக்கிறாய்" என்று எழுத வருவீர்கள், தெரியும். விமர்சனம் செய்யுங்கள். பாடல் வரிகள் மேலோட்டமானவை என்று சொல்லுங்கள், பாதி நான் ஒத்துக்கொள்வேன். தொண்ணூறுகளில் வந்தவை முன்னவற்றுக்கு ஈடில்லை என்று சொல்லுங்கள், முழுதாக ஒத்துக்கொள்வேன். அமெரிக்காவில் பிடித்துப்போனது என்பதையே குற்றப்பத்திரிகையாக வாசிக்காதீர்கள். 2019இல், ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இவர்களைச் சேர்த்தபோது மேடையில் அழைத்துப் பேசியவர் குயீன் குழுவின் பிரையன் மே. நண்பர் தன் உரையில் யாரைக் கடவுள் என்றாரோ, அதே பிரையன் மே.

நண்பர் மீது எனக்கு மரியாதை குறையவில்லை. அடுத்த கூடுகைக்கும் வருவேன். அவர் ஐந்து நிமிடம் கொடுத்தால் 'ஹிஸ்டீரியா'விலிருந்து ஒரே ஒரு பாடலைப் போட்டு, எது கை, எது கால் என்று காட்டுகிறேன். எனக்குத் தெரியும், காட்டித் தந்திருக்கிறார்கள்.

நேற்று இரவு அண்ணன் போன் செய்தார். கூடுகை எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது, செப்பலின் பற்றி நிறையப் பேசினார்கள் என்று மட்டும் சொன்னேன்.