வேடிக்கை பார்க்கிறவர்களைத் திட்டுவதற்கு முன்னால்

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார், சுற்றி நின்று நாலு பேர் செல்போனில் படம் எடுக்கிறார்கள். இப்படி ஒரு வீடியோ அடிக்கடி கண்ணில் படுகிறது. பார்த்தவர்கள் பேசுவதைக் கேட்டால் இரண்டே கட்சிதான். ஒரு கட்சி "மனிதாபிமானம் செத்துப்போச்சு" என்கிறது. இன்னொரு கட்சி "ஆம்புலன்ஸ் ஏன் வரல, அரசாங்கம் என்ன தூங்குதா" என்கிறது. இரண்டு பேருடைய கோபமும் உண்மையானதுதான். ஆனால் இருவரும் மொத்தப் பழியையும் ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சுமத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முன்பின் தெரியாதவருக்கு உதவுவது தனிமனிதனின் குணமா, அரசின் கடமையா என்று இதைப் பிரித்துப் பேசவே முடியாது என்பது என் எண்ணம். குனிந்து கைகொடுக்கிற மனது நம்முடையது. அப்படிக் கொடுத்தால் வம்பு வராது என்ற தைரியமும், எப்படிக் கொடுப்பது என்ற பயிற்சியும் அரசு தர வேண்டியவை. அந்த இரண்டும் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல மனசுக்காரருக்கும் கால் எழாது.

ஜனங்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இந்தப் பேச்சு நேற்று இன்று தொடங்கியதும் இல்லை. 1964 மார்ச் மாதம் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் அதிகாலை இருட்டில் வேலை முடிந்து திரும்பும்போது, தன் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் போலீசைக் கூப்பிடவில்லை என்று ஒரு பெரிய நாளிதழ் எழுதியது. அந்த 38 என்ற எண் உலகம் பூராவும் பரவி, பாடப் புத்தகங்களிலும் ஏறிவிட்டது. அது மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்பது பிற்பாடுதான் வெளிவந்தது. பலருக்கு ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். முழுவதையும் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் படியிறங்கி ஓடிப்போய், ஆம்புலன்ஸ் வரும்வரை கிட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். குத்தியவன் இன்னும் அங்கேதான் நிற்கிறானா என்றுகூடத் தெரியாமல் போனவர் அவர். பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொல்லப்பட்ட 38 பேரைத் தெரிந்த உலகத்துக்கு, ஓடிப்போன அந்த ஒருவரைத் தெரியாது. இது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அமெரிக்காவில் அவசரத்துக்குக் கூப்பிட எல்லோருக்கும் பொதுவான எண் என்று ஒன்று கிடையாது. 911 என்ற எண்ணில் முதல் அழைப்பு போனதே 1968 பிப்ரவரியில், அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில்தான். நடுராத்திரியில் எந்தக் காவல் நிலையம், அதன் எண் என்ன என்று தேடியோ, தொலைபேசி ஆபரேட்டரைப் பிடித்தோதான் பேச வேண்டும் என்ற நிலையில் மக்களை வைத்துவிட்டு, மனசாட்சி இல்லையா என்று அவர்களை மட்டும் கேட்பது நியாயமா?

அதே 1968இல் ஜான் டார்லி, பிப் லதானே என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்தச் சம்பவத்தை மனதில் வைத்து ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, இன்டர்காம் வழியாகப் பேச வைத்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கும். இதைக் கேட்பது தான் ஒருவர்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். இன்னும் நாலு பேருக்கும் இது கேட்கிறது என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான் அப்படிப் போனார்கள். எழுந்து போகாதவர்கள் அலட்சியமாக உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் அந்த உளவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களுடைய கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தார்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் என்று நாம் திட்டுகிறவர்களில் பாதிப் பேராவது இந்தத் தவிப்பில் இருப்பவர்கள் என்று நான் நம்புகிறேன்.

2019இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு இன்னும் தெம்பு கொடுத்தது. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது சண்டைகளில் யாரோ ஒருவராவது உள்ளே புகுந்து விலக்கிவிட்டிருக்கிறார், அல்லது அடிபட்டவரைத் தேற்றியிருக்கிறார். ஆள் கூடக் கூட, யாராவது ஒருவர் இறங்குவதற்கான வாய்ப்பும் கூடியிருக்கிறது. அறைக்குள் நடந்த சோதனைக்கும் தெருவில் நடப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம்.

ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் நடுவயதுக்காரர் ஒருவர் அப்படியே சரிந்து விழுந்தார். பத்துப் பதினைந்து பேர் வட்டமாகச் சூழ்ந்துகொண்டோம். யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். கைப்பையைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்து, "தம்பி, நீலச் சட்டை, நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க. அண்ணே, நீங்க குடையை விரிச்சு இவர் முகத்துல வெயில் படாம புடிங்க. மத்தவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்றார். அவ்வளவுதான். அதுவரை சும்மா நின்ற எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டது. நீலச் சட்டைக்காரர் ஆம்புலன்ஸ் வரும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை, வழி சொல்லிக்கொண்டே இருந்தார். விழுந்தவர் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். அந்த அம்மா எங்களைவிட இரக்கம் கூடியவர் என்று எனக்குத் தோன்றவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. யாரோ எங்கோ ஒருநாள் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்த "யாரோ" யாராக இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

டென்மார்க்கில் நடந்ததை இதற்காகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதயம் திடீரென நின்றுபோனால், மார்பை அழுத்திக் கொடுக்கும் சிபிஆர் முதலுதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். எந்த நாட்டு ஆம்புலன்ஸும் முதல் நிமிடத்திலேயே வந்து நிற்க முடியாது. அந்த முதல் சில நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவருடையவை, அவர் யாராக இருந்தாலும் சரி. டென்மார்க் அரசு இதைப் புரிந்துகொண்டது. 2005இல் பள்ளிகளில் சிபிஆர் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 2006இல் ஓட்டுநர் உரிமம் வாங்குவதற்கும் அந்தப் பயிற்சி கட்டாயமானது. அவசர எண்ணில் பேசுகிறவர்கள் போனிலேயே "இப்படி அழுத்துங்க, நிறுத்தாதீங்க" என்று வழிகாட்ட ஏற்பாடு செய்தார்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று விழுந்தவர்களில், 2001இல் ஏறக்குறைய 21 சதவீதம் பேருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் சிபிஆர் செய்தார்கள். 2010இல் அது 45 சதவீதத்தை எட்டியது. விழுந்து 30 நாள் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் அதே காலத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தார்கள். மருத்துவ வசதியும் கூடவே மேம்பட்டது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனாலும், பத்தே வருடத்தில் ஒரு நாட்டு மக்களின் இரக்கம் இரண்டு மடங்கா ஆகிவிடும்? இரக்கம் ஏற்கெனவே இருந்தது. அது கைக்கு வந்து சேர ஓர் அரசு வழி செய்து கொடுத்தது.

அடுத்தது பயம். உதவப் போய் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். "நீதான் இடிச்சியா?" என்று கேட்பார்களோ, மருத்துவமனையில் பணம் கட்டச் சொல்வார்களோ, சாட்சிக்கு வா வா என்று நீதிமன்றத்துக்கு அலைய விடுவார்களோ. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒருநாள் அலைச்சல் என்றால் ஒருநாள் சாப்பாடு. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2016இல் இதற்காக வழிகாட்டு நெறிகளைக் கட்டாயமாக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்க்கப்பட்டது. விபத்தில் அடிபட்டவரை நல்லெண்ணத்தோடு காப்பாற்ற முயன்றவர் மீது வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆனால் சட்டம் இருக்கிறது என்பது சாலையில் நிற்பவருக்குத் தெரிந்தால்தானே அவர் இறங்குவார்? புகையிலைக்கு எதிராகச் செய்கிற விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குச் செய்தால் போதும்.

சில நாடுகள் வேறு வழியில் போகின்றன. ஜெர்மனியிலும் பிரான்சிலும், ஆபத்தில் இருப்பவருக்குத் தன்னால் முடிந்தும் உதவாமல் போவதே குற்றம். 2016இல் ஜெர்மனியின் எசன் நகரில், வங்கியின் பணம் எடுக்கும் அறையில் 80 வயது தாண்டிய முதியவர் ஒருவர் மயங்கி விழுந்து கிடந்தார். வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போய்ப் பணம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கடைசியில் வந்த ஒருவர்தான் அவசர எண்ணுக்குப் பேசினார். முதியவர் சில நாளில் இறந்துபோனார். தாண்டிப் போனவர்களில் மூன்று பேருக்கு அடுத்த ஆண்டு ஆயிரக்கணக்கான யூரோ அபராதம் விழுந்தது. அது சரிதான், அந்த மூன்று பேருக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் தண்டனைக்குப் பயந்து உதவுகிற ஊரைவிட, உதவினால் ஒரு தொல்லையும் வராது என்று எல்லோருக்கும் தெரிந்த ஊரில் இருக்கத்தான் எனக்கு ஆசை.

ரத்த தானத்தையும் இங்கே சொல்ல வேண்டும். முகம் தெரியாதவருக்கு நாம் தருகிற பெரிய கொடை அது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் கடைசிவரை ஒருவரை ஒருவர் தெரியாது. அந்த நல்ல மனசு மட்டும் இருந்தால் போதுமா? எடுத்த ரத்தத்தில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தால் 42 நாள் வரை தாங்கும், தட்டணுக்கள் ஐந்தாறு நாளுக்கு மேல் தாங்காது. எங்கே எந்த வகை தேவை என்று கணக்கு வைத்து, கெடுவதற்குள் அனுப்ப வேண்டும். சட்டமும் மேற்பார்வையும் இல்லாவிட்டால் அந்தக் கொடையே இன்னொருவருக்கு நஞ்சாகிவிடும்.

இனி எனக்குக் கோபம் வருகிற இடம். யாரோ சில இளைஞர்கள் சாலைக் குழியைத் தங்கள் செலவில் மூடுகிறார்கள். ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுப் பணம் சேர்க்கிறார்கள். "மனிதம் வாழ்கிறது" என்று எல்லோரும் பகிர்கிறோம். நானும்தான் பகிர்கிறேன், பணமும் போடுகிறேன். ஆனால் அந்தக் குழி ஏன் மாதக்கணக்கில் திறந்து கிடந்தது, அந்தத் தாய் ஏன் மகளின் படத்தை ஊருக்குக் காட்டிக் கையேந்த வேண்டியிருந்தது என்று கேட்டால், "நல்லது நடக்கும்போது ஏன் அரசியல் பேசுறீங்க?" என்கிறார்கள். பேசித்தான் ஆக வேண்டும். அன்புக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. அழகாகச் சிரிக்கிற குழந்தைக்கு, நன்றாக எழுதத் தெரிந்த உறவினர் இருக்கிற குழந்தைக்குப் பணம் சேர்ந்துவிடும். படம் எடுக்க ஆளில்லாத குழந்தைக்கும் அதே நோய்தான். முகம் பார்க்காமல் எல்லோருக்கும் தருவது அரசால் மட்டும்தான் முடியும், நாம் வரி கட்டுவதும் அதற்குத்தான். உரிமையாகக் கிடைத்த சிகிச்சைக்கு யாருக்கும் கூனிக் குறுகி நன்றி சொல்ல வேண்டியதில்லை என்பது இன்னொரு பெரிய விஷயம்.

அதற்காக, வரி கட்டிவிட்டேன், என் பங்கு முடிந்தது என்று இருந்துவிடவும் முடியாது. அரசு என்பது கடைசியில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள். ஓய்வூதியம் வாங்க வந்த ஒரு பாட்டி விண்ணப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றதை ஓர் அலுவலகத்தில் பார்த்தேன். ஜன்னலில் இருந்தவர், "பூர்த்தி பண்ணிட்டு நாளைக்கு வாங்க" என்று சொல்லியிருக்கலாம், சட்டப்படி அது தப்பில்லை. அவர் எழுந்து வெளியே வந்து, பாட்டியைப் பெஞ்சில் உட்கார வைத்து, ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு எழுதி, கைநாட்டு வைக்க வேண்டிய இடத்தில் விரலைப் பிடித்து வைத்துக் கொடுத்தார். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அந்தப் பாட்டியைப் பொறுத்தவரை அன்றைக்கு அரசாங்கம் நல்ல அரசாங்கம். சட்டத்தில் எழுதி வாங்க முடியாத பகுதி இது, அந்த நாற்காலியில் உட்காருகிறவர் தானாகத் தர வேண்டியது.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நான் இந்த மூன்றைத்தான் கேட்பதாக இருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒருநாளாவது முதலுதவிப் பயிற்சி உண்டா? உதவுகிறவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைப்பீர்களா? மீறி அலைக்கழிக்கிற அதிகாரி மேல் எங்கே புகார் கொடுப்பது? பாலம், நினைவுத்தூண் பற்றியெல்லாம் அப்புறம் பேசலாம். அதுவரை பக்கத்தில் முதலுதவி வகுப்பு எங்கே நடக்கிறதோ அங்கே போய் ஒருநாள் உட்காருங்கள். மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்த வேண்டும். சொல்வது சுலபம், பொம்மையின் மேல் செய்து பார்த்தால் இரண்டே நிமிடத்தில் தோள் வலிக்கும். அதனால் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆள் மாற்றிச் செய்ய இன்னொருவர் வேண்டும்.