முதலாளி கற்றுத் தருவார் என்று காத்திருக்க வேண்டாம்

திருப்பூர், கோவை, கரூர், ஈரோடு பக்கம் பின்னலாடை நிறுவனங்களிலும் நூல் கடைகளிலும் வார்ப்படப் பட்டறைகளிலும் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பி.காம் முடித்து, டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஐந்தாறு ஆண்டுகள் கழித்தும் கொள்முதல் பில்லைப் பதிவு செய்வதையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டைச் சரிபார்ப்பதையும் மட்டுமே தெரிந்தவர்களாக நேர்காணலுக்கு வந்து உட்காருகிறார்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டதுண்டா என்று கேட்டால், "அதை ஆடிட்டர் ஆபீஸில் பார்த்துக்கொள்வார்கள் சார், எங்களுக்கு இந்த வேலையைத்தான் கொடுத்தார்கள்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தால் வளர்ச்சி தானாக வந்து சேரும் என்று நம்பி இத்தனை ஆண்டுகள் இருந்துவிட்டார்களே என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சிறு, நடுத்தர நிறுவனங்களில் பயிற்சிப் பிரிவு என்று ஒன்று கிடையாது. முதலாளியின் கவனமெல்லாம் ஆர்டர், நூல் விலை, கூலி, வங்கிக் கடன் ஆகியவற்றில்தான் இருக்கும். கணக்குப் பிரிவில் ஒருவர் பதிவு வேலையை நன்றாகச் செய்தால், அவரை அங்கிருந்து நகர்த்தாமல் இருப்பதே நிறுவனத்துக்கு வசதி. கற்றுக் கொடுத்தால் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார் என்ற பயமும் பல முதலாளிகளுக்கு இருக்கிறது. நான் அவர்களுக்காக வாதாட வரவில்லை. ஆளை வளர்க்காத நிறுவனம் கடைசியில் தானும் நஷ்டப்படும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த நஷ்டம் நிறுவனத்தைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பே உங்கள் இருபதுகளும் முப்பதுகளும் கழிந்துவிடும் என்பதால், இந்தப் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

இந்தத் துறையில் அப்படி எடுத்துக்கொள்வதற்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு. சட்டம் மாறும்போதெல்லாம் இங்கே மூத்தவரும் இளையவரும் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது வாட், மத்திய விற்பனை வரி, கலால், சேவை வரி ஆகியவற்றில் பல ஆண்டுகள் பழகியவர்களின் நடைமுறை அறிவில் பெரும்பகுதி பயன்படாமல் போனது. 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கு இடையே செல்லும் சரக்குக்கு இ-வே பில் என்ற மின்னணு அனுமதிச் சீட்டு வந்தது. ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2020 அக்டோபரில் தொடங்கிய இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதிவு செய்யும் மின்னணு பில்), படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கே கட்டாயமானது. இப்போது 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறை நாளாகக் கொண்ட 2025ஆம் ஆண்டின் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. 194சி, 194ஜே என்று நாமெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே வரி பிடித்தல்) பிரிவுகள் அதில் 393ஆம் பிரிவுக்குள் தொகுக்கப்பட்டுவிட்டன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்கும் போய் வரி ஆண்டு என்ற ஒன்றே நிற்கிறது. இப்படிப்பட்ட மாற்றத்தின்போது யார் முதலில் உட்கார்ந்து படிக்கிறாரோ அவரிடம்தான் எல்லோரும் சந்தேகம் கேட்பார்கள், அவர் நேற்றுச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி.

பதிவு செய்வதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் உள்ள தூரத்தை ஒரு சிறிய உதாரணத்தில் காட்டுகிறேன். ஒரு பின்னலாடை நிறுவனத்தில் துணி நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று பல ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து தரும்) யூனிட்டுகளைச் சுற்றி வருகிறது. எம்பிராய்டரிக்காரர் ஏப்ரலில் கொடுத்த பில் நம் டேலியில் ஏறிவிட்டது, ஆனால் மே 14 அன்று வந்த ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் (நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) அது இல்லை. பதிவு மட்டுமே தெரிந்தவர் "2பியில் வரவில்லை" என்று சிவப்பு நிறம் அடித்து மேலே அனுப்பிவிடுவார். கணக்குப் பார்ப்பவர் அந்த யூனிட் மாதந்தோறும் ரிட்டர்ன் போடுகிறதா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிறதா என்று போர்ட்டலில் பார்ப்பார். விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் 2021 ஜனவரி முதல் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படிப்பட்டவர் ஒவ்வொரு காலாண்டின் முதல் இரண்டு மாதங்களிலும் அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் காலாண்டுக்காரர்களுக்கான ஐஎஃப்எஃப் வசதியில் பில்லை ஏற்றினால்தான் அந்த மாதமே நமக்கு இன்புட் வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் தொகை) தெரியும், இல்லையென்றால் இந்த ஏப்ரல் பில் ஜூலையில்தான் தெரியும். இது புரிந்தவர் அந்த யூனிட்டுக்கு ஒரு போன் போட்டு, அடுத்த மாதத்திலிருந்து 13க்குள் ஏற்றச் சொல்வார். நிறுவனத்தின் பணம் இரண்டு மாதம் முடங்காமல் இருக்கும். இதற்குப் புதிய பட்டம் எதுவும் தேவையில்லை. வரி போர்ட்டலிலேயே இருக்கும் வழிகாட்டிக் கையேட்டைப் பொறுமையாகப் படித்து, கேள்வி கேட்கத் தயங்காமல் இருந்தால் போதும்.

அதே யூனிட்டின் பில்லில் வருமான வரிக் கோணமும் இருக்கிறது. அவர் மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருக்கும்போது அதிகபட்சம் 45 நாளும், இல்லாதபோது 15 நாளும்தான் பணம் கொடுப்பதற்கான கெடு. அதைத் தாண்டி ஆண்டு முடிவில் பாக்கி நின்றால், அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும். பழைய சட்டத்தில் 43பி(எச்) என்று 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதி இது. மார்ச் மாதம் முதலாளியிடம் இந்தப் பாக்கிப் பட்டியலைத் தாமாகவே எடுத்து நீட்டுபவரை எந்த முதலாளியும் வெறும் டேட்டா என்ட்ரி ஆளாக நினைக்க மாட்டார்.

இதைத் தள்ளிப்போட இனி நேரமும் இல்லை. பேங்க் ஸ்டேட்மென்ட்டை மென்பொருள் தானே இழுத்துக்கொள்கிறது, இ-இன்வாய்ஸ் போட்ட விற்பனை பில்கள் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1இல் தாமாகவே போய் உட்காருகின்றன. தட்டச்சு செய்யும் பகுதி குறைந்துகொண்டே போகிறது. எஞ்சி நிற்பது ஒப்பிடுவது, காரணம் கண்டுபிடிப்பது, முன்கூட்டியே எச்சரிப்பது ஆகியவை.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களின் நிலை எனக்குத் தெரியும். வாரத்தில் ஆறு நாள் வேலை, 7ஆம் தேதி டிடிஎஸ், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டும் 3பி ரிட்டர்ன் என்று மாதம் முழுக்கக் கெடு துரத்துகிறது. வீட்டுக்குப் போனதும் சமையலும் பிள்ளைகளின் பாடமும் காத்திருக்கும் பெண்களிடம், இரவு பத்து மணிக்கு மேல் வகுப்புக்கு வா என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. பொறுப்பு எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அதைச் சுமக்கும் வசதி எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆகவேதான், அலுவலக நேரத்துக்குள்ளேயே, கையில் இருக்கும் வேலையிலிருந்தே கற்கும் வழியை முதலில் சொல்கிறேன். 20ஆம் தேதிக்குப் பிறகு மூச்சு விட நேரம் கிடைக்கும் நாட்களில் ஏதாவது ஒரு பேரேட்டை முழுதாகப் படித்துப் பாருங்கள். வாய்ப்பு உள்ளவர்கள் பட்டயக் கணக்காளர் நிறுவனமான ஐசிஏஐயின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும் சிஏ பாடப் புத்தகங்களை இறக்கிக்கொள்ளலாம். சிஏ தேர்வு எழுதும் எண்ணம் இல்லாதவருக்கும் அவை உதவும்.

சில மூத்த கணக்காளர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. போர்ட்டல் பாஸ்வேர்டையும் ஒப்பீட்டு எக்செல் கோப்பையும் யார் கண்ணிலும் படாமல் பூட்டி வைத்து, அதையே தன் வேலைக்குப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் பணிவாகக் கேளுங்கள். ஓராண்டு கேட்டும் கதவு திறக்கவில்லை என்றால், சம்பளம் கூடாவிட்டாலும் ரிட்டர்ன் வேலையைக் கையில் கொடுக்கும் வேறு நிறுவனத்தையோ ஆடிட்டர் அலுவலகத்தையோ தேடிப் போங்கள். இதை விசுவாசமின்மை என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு என் யோசனை இதுதான். ஆண்டுக் கணக்கு முடிந்ததும் ஆடிட்டர் அலுவலகம் உங்கள் டேலியில் போட்டிருக்கும் இறுதிச் சரிக்கட்டுப் பதிவுகளைத் தேடி எடுங்கள். தேய்மானம், கொடுபட வேண்டிய செலவு, முன்கூட்டிக் கட்டிய காப்பீடு, இறுதிச் சரக்கிருப்பு, வரி ஒதுக்கீடு என்று அநேகமாக ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றும் ஏன் போடப்பட்டது, அந்தத் தொகை எப்படி வந்தது என்று அங்கே உங்கள் கணக்கைப் பார்த்த ஆர்டிகிள் மாணவரிடம் (சிஏ பயிற்சியில் இருப்பவர்) கேளுங்கள். அக்டோபரில் தணிக்கை நெருக்கடி ஓய்ந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் சொல்லித் தருவார்கள். அடுத்த மார்ச்சில் அந்தப் பதிவுகளை நீங்களே தயாரித்து, சரிபார்க்க மட்டும் அவர்களிடம் அனுப்புங்கள்.