புதிய அடுக்ககத்துக்கு வாடகைச் சட்டம் பொருந்தாதா?
திருச்சி, சேலம் போன்ற நகரங்களில் பெயின்ட் வாசனைகூடப் போகாத புதிய அடுக்ககங்களில் குடியேறுவோரிடம், “கட்டி முடித்த 5 ஆண்டுகளுக்கு வாடகைச் சட்டம் பொருந்தாது, 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவும் வேண்டாம்” என்று சொல்லப்படுகிறது. இது தவறு.

புதிய கட்டடங்களுக்கு அவ்விலக்கை அளித்தது தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டம். 2017இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பழைய சட்டம் நீக்கப்பட்டது. 11 மாதக் கணக்கோ, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவைக் கட்டாயமாக்கும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து வந்த பழக்கம். புதிய சட்டத்தில், காலம் எவ்வளவு குறைவாயினும் ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி செய்யும் பதிவு வேறு, வாடகை அதிகாரியிடம் செய்யும் இப்பதிவு வேறு. குழப்பமே பெரும்பாலும் இங்குதான்.