எந்த ஊர் என்று கேட்டது குற்றமாம்

இரண்டு நாளாக அந்த ஆடியோவை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. எந்த ஆடியோ என்று விளக்க வேண்டியதில்லை, உங்கள் சித்தப்பா, மாமா இருக்கும் குரூப்பிலும் வந்திருக்கும். ஆள் அடிபட்டுக் கிடக்கிறார், ஒருவர் 108-க்குப் போன் போட்டுக் கத்துகிறார், அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் "எந்த மாவட்டம் சார், எந்த ஊர் சார்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. மேலே ஒரு வரி: "உயிர் போகுது, இவங்களுக்கு அட்ரஸ் வேணுமாம்." கீழே கமென்டில் ரோபோ, மனசாட்சி இல்லாத ஜென்மம், சம்பளத்துக்கு மாரடிக்கிற கூட்டம், இன்னும் இங்கே எழுத முடியாத சில.

ஆமாம், அட்ரஸ் வேணும். அட்ரஸ் இல்லாமல் வண்டி எங்கே வரும்?

நிதானமாகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்கலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் 108 அடித்தால் உங்கள் ஊர் ஜி.எச்.சில் மணி அடிக்காது. கன்னியாகுமரியிலிருந்து கூப்பிட்டாலும் கும்மிடிப்பூண்டியிலிருந்து கூப்பிட்டாலும் மாநிலத்துக்கே பொதுவான கட்டுப்பாட்டு அறைக்குத்தான் அழைப்பு போகும். 2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய சேவை, இத்தனை வருஷம் கழித்தும் பாதிப் பேருக்கு இது தெரியாது. "ஜி.எச். எதிர்லதாம்மா, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். எந்த ஜி.எச்.? திருப்பத்தூர் என்கிறீர்கள். வேலூரிலிருந்து பிரித்த மாவட்டத்தின் தலைநகரம் திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர். திருமங்கலம் சென்னைக்குள்ளும் இருக்கிறது, மதுரைக்குப் பக்கத்திலும் இருக்கிறது. அம்மாபேட்டை சேலத்திலும் உண்டு, ஈரோடு மாவட்டத்திலும் உண்டு. அண்ணா நகரும் காந்தி நகரும் இல்லாத ஊர் ஒன்றைக் காட்டுங்கள், நான் இந்தப் பதிவையே அழித்துவிடுகிறேன். மாவட்டம் கேட்காமல் அனுப்பினால் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பஸ் ஸ்டாண்டில் சைரன் அடித்துக்கொண்டு வண்டி நிற்கும். அதையும் வீடியோ எடுத்துப் போடுவீர்கள்.

அந்தப் பெண் செய்ததுதான் வேலை. கேள்வி கேட்பது வேலைக்கு நடுவே வரும் தடங்கல் இல்லை, அதுதான் வேலையே.

"சாப்பாடு கொண்டு வர்ற பையனுக்கு என் வாசல் தெரியுது, 108-க்குத் தெரியாதா?" இதை எழுதியவருக்கு நானூறு லைக். ஐயா, அந்த ஆப்புக்கு நீங்கள் ஜி.பி.எஸ். அனுமதி கொடுத்து, மேப்பில் நீங்களே புள்ளியை நகர்த்தி வைத்து, கதவு எண்ணும் எழுதி, "மாடிப்படி பக்கம்" என்று குறிப்பும் போட்டிருக்கிறீர்கள். இது சாதாரண போன் கால். குரல் வரும், நம்பர் வரும். டவரை வைத்துப் பார்த்தால் சுமாரான ஒரு வட்டாரம் கிடைக்கும், கிராமப்புறத்தில் அந்த வட்டாரம் பல கிலோமீட்டர் விரியும். அதற்குள் நாலு ஊர், இரண்டு ஏரி, ஒரு கல் குவாரி இருக்கும். 'அவசரம் 108' என்று ஒரு ஆப்பும் இருக்கிறது, அதிலிருந்து கூப்பிட்டால் இடம் போய்ச் சேரும். உங்கள் போனில் இருக்கிறதா? சரி, விடுங்கள்.

நெடுஞ்சாலை என்றால் இன்னும் மோசம். "சேலம் ஹைவேல ஆக்சிடென்ட்" என்பது ஒரு இடமே கிடையாது. தொப்பூர் கணவாயையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே "சேலம் போற பக்கமா, தருமபுரி போற பக்கமா?" என்று கேட்டால் கூப்பிடுபவருக்குக் கோபம் வரும். நடுவில் தடுப்பு இருக்கிறது சார். தப்பான பக்கத்தில் வண்டி வந்தால் அடிபட்டவர் கண்ணுக்கு எதிரே தெரிவார், ஆனால் அடுத்த திருப்பம் வரைக்கும் போய்ச் சுற்றி வர வேண்டும். சரிவில் லாரிகள் அடுக்கி நின்றால் அந்தச் சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். அதனால்தான் கிலோமீட்டர் கல் கேட்பது, கடைசியாகத் தாண்டிய டோல்கேட் கேட்பது, பக்கத்தில் பெட்ரோல் பங்க் இருக்கிறதா என்று கேட்பது. "எத்தனை பேருக்கு அடி?" என்பதும் புள்ளிவிவரம் சேர்க்கக் கேட்பதில்லை. ஒரு வண்டியில் படுக்க வைக்க ஒரு ஸ்ட்ரெச்சர்தான். வேன் கவிழ்ந்து எட்டுப் பேர் கிடந்தால் ஒரு வண்டி போதாது, இரண்டாவது மூன்றாவது வண்டியை அதே நிமிஷத்தில் எழுப்ப வேண்டும். "யாராவது உள்ளே மாட்டிக்கிட்டு இருக்காங்களா?" என்றால் தீயணைப்பு வண்டியும் வர வேண்டும், தகட்டை வெட்டி எடுப்பது அவர்கள் வேலை. "டேங்கர் லாரியா, ஏதாவது ஒழுகுதா?" என்றால், உங்களையே தள்ளி நிற்கச் சொல்வதற்காக.

இடம் தெரியாவிட்டால் உங்களுக்கு எதிரே எந்தப் பெயர்ப் பலகை இருக்கிறதோ அதைப் படியுங்கள். மளிகைக் கடை, மெடிக்கல், ரேஷன் கடை, தொடக்கப் பள்ளி, எதிலும் ஊர்ப் பெயர் இருக்கும், பாதிப் பலகையில் மாவட்டமும் இருக்கும். 108 கால்களை எடுக்கும் எங்கள் கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிலாகித்த ஒரு கால் உண்டு. கூப்பிட்டது ஒரு சின்னப் பெண், குரலை வைத்துப் பார்த்தால் பத்து வயது இருக்கும். பாட்டி பாத்ரூமில் விழுந்துவிட்டாள், வீட்டில் வேறு யாருமில்லை. எந்த ஊர் பாப்பா என்றால் லீவுக்கு வந்திருக்கிறாளாம், தெரியவில்லை. "இருங்கக்கா" என்று போனை எடுத்துக்கொண்டே வெளியே ஓடி, எதிரே இருந்த ரேஷன் கடைப் பலகையை கடை எண்ணிலிருந்து வட்டம் வரைக்கும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். திரும்ப உள்ளே போய் "பாட்டி கண்ணத் திறக்குது, பேசுது" என்று அதையும் சொன்னாள். அழவில்லை, திட்டவில்லை. நாற்பது வயது ஆண்கள்தான் "உன் பேர் என்ன, உன்னை வேலைய விட்டுத் தூக்குறேன் பாரு" என்று ஆரம்பிப்பார்கள்.

அடுத்தது "மூச்சு இருக்கா?" என்ற கேள்வி. ஆடியோவில் அதற்கும் சிரிப்பு எமோஜி. "நான் என்ன டாக்டரா?" என்று அவர் கத்துகிறார், கேட்டவர்கள் கைதட்டுகிறார்கள். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்து அடுத்து நடப்பதெல்லாம் மாறும். இதயம் நின்றுவிட்டால் நாலு முதல் ஆறு நிமிஷத்தில் மூளை கெட ஆரம்பிக்கும். எந்த ஊரிலும் ஆம்புலன்ஸ் நாலு நிமிஷத்தில் வந்துவிடும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அந்த இடைவெளியில் அங்கே இருக்கும் ஒரே கை உங்கள் கை. சிக்கல் எங்கே என்றால், இதயம் நின்ற ஆளும் சில நிமிஷம் வாயைத் திறந்து திறந்து இழுப்பார். பார்க்கிறவர் "மூச்சு இருக்குங்க, இழுக்குது" என்பார். அது மூச்சு இல்லை. அதனால்தான் "நெஞ்சு ஏறி இறங்குதா, ஒரு இழுப்புக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு இடைவெளி, தட்டினா முழிக்கிறாரா?" என்று துருவித் துருவிக் கேட்பது. இல்லை என்று தெரிந்தால்: கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் மல்லாக்கப் படுக்க வை, போனை ஸ்பீக்கரில் போடு, இரண்டு மார்புக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வை, மேலே இன்னொரு கை, முழங்கையை மடக்காமல் 5 செ.மீ. உள்ளே போகிற மாதிரி அமுக்கு, முழுசாக மேலே வர விடு, நிமிஷத்துக்கு 100 முதல் 120. நானும் கூட எண்ணுகிறேன், ஒண்ணு ரெண்டு மூணு நாலு. மெத்தையில் வைத்து அமுக்கினால் மெத்தைதான் அமுங்கும். இதைச் செய்கிற ஆள் இரண்டு நிமிஷத்தில் களைத்துவிடுவார், பக்கத்தில் இருப்பவரை மாற்றச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றாதே என்று ஐந்து முறை சொல்ல வேண்டும், ஏனென்றால் யாராவது ஒரு பெரியம்மா சொம்போடு வந்துவிடுவார்.

பிரசவ வலி என்றால் எத்தனையாவது மாதம், முதல் குழந்தையா, வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை, பனிக்குடம் உடைந்ததா. பாம்புக்கடி என்றால் கட்டுப் போடாதே, கீறாதே, நடக்க வைக்காதே, பாம்பைத் தேடிப் போகாதே. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான் போடுவார்கள், பிடித்துக்கொண்டு வர வேண்டிய அவசியமே இல்லை. பூச்சிமருந்து குடித்தவரை உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதே. வலிப்பு என்றால் கையில் சாவியைத் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வை. இத்தனையும் கேள்வி கேட்டால்தான் சொல்ல முடியும். கேட்காதே, வண்டியை மட்டும் அனுப்பு என்றால் எதைச் சொல்வது?

"பேர் எதுக்கு, நம்பர் எதுக்கு, போலீஸ் கேஸ்ல மாட்டி விடவா?" இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. இதை மட்டும் கேலி செய்ய மாட்டேன். விபத்தில் உதவி செய்பவரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று பிரிவே சேர்த்தார்கள். பேர் சொல்லக் கட்டாயம் இல்லை. கேட்பது, பைலட், அதாவது ஆம்புலன்ஸ் டிரைவர், வழி தெரியாமல் நின்றால் திரும்பக் கூப்பிட. அதற்கு நீங்கள் போனை எடுக்க வேண்டும். 108-க்குப் போன் போட்டுவிட்டு, தெரியாத நம்பர் என்று பைலட் காலைக் கட் செய்கிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இன்னும் சிலர் கூப்பிட்டவுடனே அதே போனில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தகவல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். லைன் பிஸி. வண்டி தெருமுனையில்.

சரி, உங்கள் ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

"குரல்ல ஒரு பதற்றமே இல்லையே?" பதறினால் உங்களுக்கு நல்லதா? ஒரே வாக்கியத்தை, ஒரே குரலில், மாற்றாமல் திரும்பத் திரும்பச் சொல்வது பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் முறை. பதற்றத்தில் இருக்கும் மனிதர் காதில் மூன்றாவது தடவைதான் அது விழும். நீங்கள் ரோபோ என்று சொன்னது அதைத்தான்.

"கம்ப்யூட்டரைப் பார்த்துப் படிக்கிறாங்க." படிக்கத்தான் வேண்டும். கேள்விகளை வரிசைப்படுத்தி அட்டையில் எழுதும் முறையை அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர் 1970-களின் கடைசியில் உருவாக்கினார். மனசுக்குத் தோன்றியதைக் கேட்டால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது. "வெளிநாட்டுல எல்லாம்" என்று ஆரம்பிப்பவர்களுக்கும் இதுவே பதில். அமெரிக்காவின் அவசர எண்ணான 911-இலும் முதலில் கேட்பது எந்த இடம் என்றுதான்.

"வண்டி லேட்டா வருதே, அதுக்கு என்ன சொல்றீங்க?" வருகிறது. பக்கத்து வண்டி தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நோயாளியை மெடிக்கல் காலேஜுக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கும். அங்கே காலி டிராலி கிடைக்காமல் ஸ்ட்ரெச்சரோடு வாசலில் நிற்கும். மாநிலம் முழுக்கச் சுமார் 1,300 வண்டி. அதைக் கூட்டச் சொல்லிப் போராடுங்கள், நானும் வருகிறேன். போனை எடுக்கிற பெண்ணா வண்டி வாங்கித் தருகிறவள்?

இப்போது நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்த லைனில் வரும் கால்கள் எல்லாம் உயிர் போகிற கால்கள் இல்லை. எடுத்தால் பேச்சே இல்லாதவை வரும். குழந்தை கையில் போனைக் கொடுத்துவிட்ட அம்மாக்கள் வருவார்கள். ரீசார்ஜ் தீர்ந்தால் இது மட்டும்தான் இலவசம் என்று அடிப்பவர்கள் வருவார்கள். ராத்திரி ஒரு மணிக்கு மேல் வேறொரு ரகம். பெண் குரல் கேட்டதும் "சாப்டியா செல்லம்" என்று ஆரம்பிக்கும். கட் செய்தால் திரும்ப வரும், அடுத்த சீட்டில் இருக்கும் பெண்ணுக்குப் போகும், அதற்கடுத்த சீட்டுக்குப் போகும். எடுக்காமல் விட முடியாது, அந்த நம்பரிலிருந்து ஒரு நாள் நிஜமாகவே யாராவது விழுந்து கிடக்கலாம். அந்த அசிங்கத்தைக் கேட்டு முடித்த அடுத்த நொடி, ஒரு தகப்பன் "தம்பி கிணத்துல விழுந்துட்டான்" என்று வருவார். அவரிடம் அதே குரலில் "எந்த மாவட்டம்ங்க?" என்று கேட்க வேண்டும். அந்தப் பையனுக்கு அப்புறம் என்ன ஆனது என்று பெரும்பாலும் தெரியவும் தெரியாது. வண்டிக்காரர்களிடம் கொடுத்தாயிற்று, அடுத்த கால் ஒலிக்கிறது. தீபாவளி அன்று லீவு கேட்டால் கிடைக்காது, அன்றைக்குத்தான் தீக்காயமும் பைக் விபத்தும் குவியும்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு அந்த ஆடியோவில் அவள் ஒரு தடவை கூட குரலை உயர்த்தவில்லை. திரும்பக் கேளுங்கள். அந்த மனிதர் அவளுடைய அம்மாவைச் சொல்லித் திட்டிய பிறகும் "சார், பக்கத்துல என்ன கடை இருக்கு பாருங்க சார்" என்றுதான் கேட்கிறாள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் நின்ற இடத்தில் யார் நின்றாலும் கத்துவார்கள். அதை வெட்டி, பின்னால் சோகப் பாட்டுச் சேர்த்து, அவள் குரலுக்கு மேலே சிரிக்கிற பொம்மை ஒட்டிய சேனல்காரர்களே, உங்கள் வீட்டில் யாராவது விழுந்தால் நீங்களும் அதே மூன்று எண்ணைத்தான் அடிப்பீர்கள். அவளேகூட எடுக்கலாம். மாவட்டம் கேட்பாள். சொல்லித் தொலையுங்கள்.

கமென்டில் யாராவது "மேடம் அவங்க நம்பர் கிடைக்குமா, ஆறுதல் சொல்லணும்" என்று வந்தால் பிளாக் செய்துவிடுவேன்.