அந்த அம்புக்குறிப் படத்தை மூடி வையுங்கள்

ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்டு நாவல் வரிசையைப் படிக்கப் போகிறேன், எதை முதலில் எடுக்கட்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கைப்பேசியில் ஒரு படத்தை நீட்டினார். பிராட்செட் வாசகர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் படம்தான். ரயில் தடங்கள் மாதிரி கலர் கலராகக் கோடுகள், கோட்டுக்குக் கோடு அம்புக்குறி. மந்திரவாதிகளுக்கு ஒரு தடம், சூனியக்காரிகளுக்கு ஒன்று, எமனுக்கு ஒன்று, நகரக் காவலர்களுக்கு ஒன்று. மொத்தம் 41 நாவல்கள். "இதுல போலீஸ் லைன் மட்டும் எட்டு புக். அதை முடிச்சா போதும்ல?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. போதாது சார்.

அந்தப் படத்தை வரைந்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் வரைந்தார்கள். 41 என்ற எண்ணைப் பார்த்து ஓடுகிறவரைப் பிடித்து உட்கார வைக்க அது உதவுகிறது. ஆனால் தடம் பிரித்துப் படிக்கிறவர்கள் இந்த வரிசையின் பாதி ருசியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது என் கட்சி. பல வருடமாக இந்தக் கட்சியில் தனி ஆளாக இருக்கிறேன். பரவாயில்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. தட்டையான உலகம், அதைத் தாங்க நான்கு யானை, யானைகளைத் தாங்க ஓர் ஆமை. திசைக்கு ஒன்றாக எட்டு யானை கேட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் சிக்கனமாகத் தெரியலாம். ஐந்தாவதாக ஒன்று இருந்து தவறி விழுந்துவிட்டது என்றும் பின்னால் ஒரு கதை வரும். 1983-இல் 'தி கலர் ஆஃப் மேஜிக்' என்று தொடங்கி, 2015-இல் பிராட்செட் இறந்தபின் வந்த 'தி ஷெப்பர்ட்ஸ் க்ரௌன்' வரை போகிறது. ஒவ்வொன்றும் தனிக்கதை. ஆனால் உலகம் ஒன்றே, ஊர் ஒன்றே. ஆங்க்-மார்போர்க் என்ற அந்த அழுக்கு நகரம்தான் என்னைக் கேட்டால் கதாநாயகன்.

ஊர் என்றால் என்ன? நம் வீட்டுக் கதையில் பக்கத்து வீட்டுக்காரர் துணைப் பாத்திரம், அவர் வீட்டுக் கதையில் நாம் துணைப் பாத்திரம். பிராட்செட் இதை எவ்வளவு ரசித்துச் செய்திருக்கிறார் என்பதற்கு நகரக் காவல்படைத் தலைவர் வைம்ஸ் ஒருவரே போதும். காவலர் கதைகளில் நாம் வைம்ஸின் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். மனுஷன் கோபப்பட்டால் நமக்கும் கோபம் வரும், அவர் செய்வதெல்லாம் நியாயமாகத் தெரியும். 2000-இல் 'தி ட்ரூத்' வருகிறது. நகரின் முதல் செய்தித்தாளைத் தொடங்கும் ஓர் இளைஞனின் கதை. அதில் இதே வைம்ஸ், கேள்வி கேட்டால் சீறி விழும், எதையும் வாய்விட்டுச் சொல்லாத, சிடுமூஞ்சி அதிகாரி. அடப்பாவி, இத்தனை நாள் இந்த ஆளோடா கூட்டு வைத்திருந்தோம் என்று தோன்றும். 'தி ட்ரூத்' அந்த எட்டில் இல்லை. போலீஸ் லைனில் மட்டும் போகிறவருக்கு வைம்ஸை வெளியிலிருந்து பார்க்கும் வாய்ப்பே கிடைக்காது.

இன்னொன்று, ரெஜ் ஷூ. 1991-இல் 'ரீப்பர் மேன்' நாவலில் வரும் ஒரு ஜாம்பி. செத்தவர்களுக்கும் உரிமை வேண்டும் என்று சங்கம் நடத்துகிற காமெடி பீஸ். சிரித்துவிட்டுக் கடந்துவிடுவோம். பதினோரு வருடம் கழித்து 'நைட் வாட்ச்' வருகிறது. வைம்ஸ் முப்பது வருடம் பின்னால் தூக்கி எறியப்படுகிறார். தெருவில் தடுப்பரண் போட்டுப் புரட்சி நடக்கிறது. அங்கே ஓர் இளைஞன் உயிரோடு நிற்கிறான், எல்லாவற்றையும் நம்பிக்கொண்டு, கொடியும் கையுமாக. பேர் ரெஜ் ஷூ. அவன் எப்படிச் சாகிறான் என்பதை நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. 'ரீப்பர் மேன்' படிக்காதவருக்கு அது ஒரு நல்ல காட்சி. படித்தவருக்கு, பழைய சிரிப்பு தொண்டையில் முள்ளாக நிற்கும். அந்தப் பக்கத்தைப் படித்த ராத்திரி நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

எஸ்க் என்ற சிறுமியையும் சொல்லிவிடுகிறேன். 1987-இல் 'ஈக்வல் ரைட்ஸ்' நாவலில் மந்திரவாதியாக ஆசைப்பட்டு பல்கலைக்கழகக் கதவைத் தட்டிய பெண். அதன்பிறகு ஆளையே காணோம். எழுதியவரே மறந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2010-இல், வேறொரு சிறுமி வளர்ந்து பெரியவளாகும் கதையில், சாவகாசமாக வந்து நிற்கிறாள். இருபத்து மூன்று வருடக் காத்திருப்பு. அம்புக்குறிப் படத்தில் இவை இரண்டும் வெறும் இரண்டு பெயர்கள். இடையில் ஒருவர் ஆயுசில் பாதி எழுதித் தீர்த்திருக்கிறார் என்பது எந்தக் கோட்டிலும் தெரியாது.

எழுதியவர் வளர்வதைப் பார்ப்பதும் ஒரு சுகம். முதல் புத்தகத்தில் வரும் எமன் வெறும் சிடுசிடுப்பான வில்லன். நான்காவதான 'மார்ட்'டில் உதவிக்கு ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டு, மனிதர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறார். 'ரீப்பர் மேன்' போகும்போது வேலை பறிபோய் வயலில் அறுவடைக் கூலி. எருமைக்குப் பதில் பிங்கி என்று பெயர் வைத்த வெள்ளைக் குதிரை, பூனைகள் மேல் கொள்ளைப் பிரியம். இப்படி ஒரு எமன் வந்தால் கூடவே போய்விடலாம் போலிருக்கும்.

(இங்கே ஓர் இடைச்செருகல். ஆங்கிலத்தில் எமன் பேசுவதெல்லாம் பெரிய எழுத்தில், மேற்கோள் குறி இல்லாமல் அச்சாகியிருக்கும். தமிழில் ஏது பெரிய எழுத்து? தடித்த எழுத்து போட்டால் கத்துகிற மாதிரி ஆகிவிடும். அவர் கத்துகிற ஆளே இல்லை. கல்வெட்டு நடையில் பேச வைக்கலாம் என்பது என் யோசனை. 'வந்தோம். புறப்படுக.' யாராவது மொழிபெயர்த்தால் காது கொடுங்கள்.)

சரி, எதிர்க்கட்சி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. முதல் இரண்டு புத்தகங்கள் பிற்பாடு வந்தவற்றுக்குக் கால்தூசி பெறாது. மிகைக்கற்பனைக் கதைகளை நையாண்டி செய்யும் துணுக்குத் தோரணம், அவ்வளவுதான். அதில் வரும் நகர ஆட்சியாளருக்குத் தாடைக்குக் கீழே தாடை தொங்கும். பின்னால் நாம் அறிந்த வெட்டினாரியோ குச்சி மாதிரி, ஒரு புருவத்தைத் தூக்கியே ஊரை ஆள்பவர். இருவரும் ஒரே ஆளா என்று வாசகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இதை முதலில் கையில் கொடுத்தால் பாதி பேர் ஓடிவிடுவார்கள், ஒத்துக்கொள்கிறேன். அதனால் என் வழி இது: எட்டாவதான 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989). சாக்கடையில் குடித்துவிட்டுக் கிடக்கும் வைம்ஸோடு தொடங்குங்கள். அங்கிருந்து வெளிவந்த வரிசையிலேயே போங்கள். முதல் ஏழையும் ஆசை வரும்போது திரும்பிப் பாருங்கள், பழைய குடும்ப ஆல்பம் புரட்டுகிற மாதிரி.

கடைசிப் புத்தகங்கள் பற்றி. 2007 டிசம்பரில் தனக்கு அல்சைமர் வகை நோய் என்று அவரே அறிவித்தார். பிறகு தட்டச்சு செய்ய முடியாமல் போக, கடைசிப் புத்தகங்கள் பெரும்பாலும் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை. வாசகர்களில் ஒரு சாரார் அவற்றை விமர்சிப்பதே பாவம் என்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. 'ரேஸிங் ஸ்டீ'மை இரண்டு முறை பாதியில் வைத்தேன். ஒரே சொல்லில் ஆளைச் சாய்க்கிற வெட்டினாரி அதில் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். நாற்பதாவது புத்தகத்தில் குரல் மாறியது எனக்குக் கேட்டது என்றால், முப்பத்தொன்பது புத்தகமாக அந்தக் குரலை உற்றுக் கேட்டிருக்கிறேன் என்றுதானே அர்த்தம்?

கடைசி நாவலை மட்டும் சில வருடம் தொடவே இல்லை. படிக்காத ஒன்று மிச்சம் இருக்கட்டுமே என்று பலரும் அப்படி வைத்திருக்கிறார்கள். பிறகு ஒருநாள் எடுத்தேன். (படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

சூனியக்காரிகளில் மூத்தவளான கிரானி வெதர்வாக்ஸுக்கு ஒரு பழக்கம். மனதை வேறொரு பிராணிக்குள் அனுப்பிவிட்டு, உடம்பை மரக்கட்டை மாதிரி கட்டிலில் போட்டு வைப்பாள். யாராவது பிணம் என்று தூக்கிவிடக் கூடாதே என்று கையில் ஓர் அட்டை. அவளுக்கு எழுத்துக்கூட்டல் தகராறு, தமிழில் சொன்னால் 'நாண் சாவலை' என்கிற ரகம். 1992-இல் 'லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்' படித்தவர்களுக்கு அது நல்ல ஜோக். கடைசிப் புத்தகத்தில் அவள் வீட்டைப் பெருக்கித் துடைத்து, தன்னைப் புதைக்கத் தானே கூடை முடைந்து, சுத்தமாகப் படுத்துக்கொள்கிறாள். அட்டை மாறியிருக்கிறது. 'அணேகமா செத்துட்டேன்.'

நண்பருக்கு 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் போன்.

"பல்கலைக்கழக நூலகர் ஏன் குரங்கா இருக்காரு? யாரும் கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க?"

"அதுக்கு ரெண்டாவது புக்குக்குப் போகணும். அதுவரைக்கும் குரங்குன்னு சொல்லாதீங்க, அவருக்குக் கெட்ட கோபம் வரும். அவர் ஒராங்குட்டான்."

"தமிழ்ல அதுவும் மனிதக் குரங்குதானே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.