உலகக் குடியுரிமைக் கல்வி: ஐ.நா.வின் ஒரே பாடத்திட்டம் என்று ஒன்று இல்லை

‘உலகக் குடியுரிமைக் கல்வி வந்தால் எல்லா நாடுகளும் ஐ.நா. தரும் ஒரே பாடத்திட்டத்தைத்தான் நடத்த வேண்டும்’ என்று சிலர் எழுதிப் பகிர்ந்துவருகிறார்கள். பகிர்ந்தவர்களைக் குறை சொல்லவில்லை, பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது சரியில்லை.

‘உலகக் குடியுரிமை’ என்ற சொல் வருவது, 2030க்குள் எட்ட வேண்டியவை என்று 2015 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நிலைத்த வளர்ச்சி இலக்குகளில், 4.7ஆம் இலக்கில். மனித உரிமை, அமைதி, பண்பாட்டுப் பன்மை, உலகக் குடியுரிமை போன்றவற்றை மாணவர்கள் அறிய வேண்டும் என்கிறது அது. எந்தப் பாடநூல், எந்த வகுப்பில் என்றெல்லாம் ஒரு வரிகூட இல்லை. இத்தனைக்கும் அது நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே அல்ல, பொதுச்சபைத் தீர்மானம்.

சரிபார்க்க அதிக நேரம் ஆகாது. ஐ.நா. இணையதளத்தில் 70/1 எண்ணுள்ள அந்தத் தீர்மானத்தைத் திறந்து 55ஆம் பத்தியைப் படியுங்கள். ஒவ்வோர் அரசும் தன் சூழலைக் கருதித் தன் தேசிய இலக்குகளைத் தானே வகுத்துக்கொள்ளும் என்று அங்கே இருக்கிறது. அப்புறம் 4.7ஆம் இலக்கு எந்த அளவு நிறைவேறுகிறது என்று அளக்கும் 4.7.1 குறியீட்டையும் பாருங்கள். அது அளப்பது அந்தந்த நாட்டின் கல்விக் கொள்கை, பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி, மாணவர் மதிப்பீடு ஆகியவற்றில் இந்தக் கருத்துகளுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை.