இருபது இன்ச்சாம், இருபது இன்ச்!

எத்தனை இன்ச்? எத்தனை இன்ச்? எத்தனை இன்ச்? மரம் அறுக்கிற செயின்சாவுக்குச் சங்கிலி விற்கிறவர்களுக்கு இதைத் தவிர வேறு கேள்வியே தெரியாதா? சங்கிலி சுற்றி ஓடுகிற இரும்புப் பட்டை இருக்கிறதே, பார், அதன் நீளத்தை இன்ச்சில் சொல்ல வேண்டியதுதான், கம்பியில் தொங்குவதில் ஒன்றை உருவி மேசைமேல் போட்டு "35 வெள்ளி" என்று கையை நீட்டிவிடுகிறார்கள். செருப்புக் கடையில்கூட இடதா வலதா என்று பார்த்துத்தான் ஜோடி சேர்க்கிறான்.

நேற்றைய மழையில் வீட்டுக்குப் பின்னால் நின்ற டுரியான் மரம் வேலியோடு சாய்ந்துவிட்டது. அந்தக் கதை வேண்டாம். மிஷின் 52 சிசி, சீனாவில் செய்தது. மலேசியாவில் இந்தச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டம் துரவு வைத்திருக்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் கிடக்கும் அதே ரகம். ரொம்பச் சின்னதும் இல்லை, காட்டு மரம் அறுக்கிற பெரியதும் இல்லை. பழைய சங்கிலியில் அரம் போட இனிப் பல்லே இல்லை. புதுசுதான் வேண்டும். நான் வெறுங்கையோடு போகிற ஆளா? பழைய சங்கிலியைப் பையில் போட்டு, அளவைச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். பிட்ச், அதாவது கண்ணிகளைக் கோக்கிற ஆணிக்கும் ஆணிக்கும் உள்ள இடைவெளி, .325 இன்ச். டிரைவ் லிங்க், அதாவது பாரின் பள்ளத்துக்குள் ஓடுகிற கண்ணி, 76. கேஜ், அதாவது அந்தக் கண்ணியின் தடிப்பு, .058 இன்ச். மூன்றே மூன்று எண்.

கடைத் தம்பி சீட்டை வாங்கினான். பார்த்தான். திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் மளிகைச் சாமான் எழுதியிருந்தது, அதையும் படித்தான். அப்புறம் நிமிர்ந்து கேட்டான்: "எத்தனை இன்ச், அங்கிள்?"

சரி, சின்னப் பையன். "20" என்றேன். உள்ளே போனான், ஒரு சங்கிலியோடு வந்தான். பார்த்தவுடனே தெரிந்தது, கண்ணிகள் பெரிசு. "தம்பி, இது 3/8 பிட்ச். எனக்கு .325 வேணும்." அவன் ஒன்றும் பேசவில்லை. என் பழைய சங்கிலியை எடுத்து ஆணியில் மாட்டினான். பக்கத்திலேயே அவனுடையதையும் மாட்டினான். இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. "பாருங்க அங்கிள், சேம் தானே?" முகத்தில் அப்படி ஒரு வெற்றி!

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதுதான் இன்னும் வயிறு எரிகிறது. ஒரு டிரைவ் லிங்குக்கு இரண்டு பிட்ச் நீளம். .325-இல் 76 லிங்க் என்றால் 49.4 இன்ச். அவன் காட்டியது 66 லிங்க், 3/8, அதாவது 49.5 இன்ச். பத்தில் ஒரு இன்ச் வித்தியாசம்! ஆணியில் தொங்கவிடத்தான் வாங்குகிறேன் என்றால் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சாமிப் படத்துக்கு மாலையாகப் போடலாம். ஆனால் மிஷினுக்குள் சங்கிலியை ஓட்டுகிற பல்சக்கரம், ஸ்ப்ராக்கெட், ஒன்று இருக்கிறது, அதன் பல் 8.25 மில்லிமீட்டர் பிட்ச்சுக்கு வெட்டியது. அதன்மேல் 9.5 மில்லிமீட்டர் சங்கிலியைப் போட்டால் பல்லில் உட்காராமல் ஏறிக்கொண்டு நிற்கும். பாரின் நுனியில் இருக்கிற சின்னச் சக்கரத்திலும் இதே கதைதான்.

பல்லில் உட்காராது என்று கடையிலேயே சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். சங்கிலியில் அடுத்தடுத்த மூன்று ஆணிகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச் வரும் என்று மேசைமேல் ஸ்கேலை வைத்தே காட்டினேன். பின்னால் பெயிண்ட் வாங்க நின்றவர் பெருமூச்சு விட்டார். விடட்டும்.

தம்பி அடுத்ததை எடுத்து வந்தான். இது .325 தான், அட! டிரைவ் லிங்கில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தால் கேஜ் .050. என் பாரின் பள்ளம் .058-க்கு. "ஒல்லியா இருந்தா ஈஸியா ஓடும் அங்கிள்." ஓடும்டா ராசா, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே ஓடும். 0.2 மில்லிமீட்டர்தானே என்கிறாய். அந்த ஆட்டத்தில் கட்டை நேராக அறுபடாமல் வளைந்து வளைந்து போகும், பாரும் கெடும்.

அடுத்தது பிட்ச் சரி, கேஜ் சரி. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. எண்ணினேன். 72. அது 18 இன்ச் பாருக்கு வருவது. "நாலு லிங்க்தானே குறையுது, இழுத்துப் போட்டா ஏறிடும்." இரும்புச் சங்கிலி அது! ரப்பர் தோட்டத்து ஊரில் பிறந்தவனுக்கு எல்லாமே ரப்பர் போல.

சத்தம் கேட்டுக் கடை முதலாளி தவ்கே எழுந்து வந்தார். வந்தவர் சீட்டைப் பார்க்கவில்லை, சங்கிலியைப் பார்க்கவில்லை. "அண்ணே, சாமா லா. போலே பாக்காய்." எல்லாம் ஒன்றுதானாம், போட்டுக்கொள்ளலாமாம். எதுவும் எதற்கும் சாமா. நிமிஷத்துக்கு 9,000 சுற்றில், ஏழு பல் ஸ்ப்ராக்கெட்டில், விநாடிக்கு 17 மீட்டர் வேகத்தில் ஓடுகிற சங்கிலி தவ்கே. கழன்று வந்தால் என் கைக்கும் உங்கள் கைக்கும்கூட சாமாதான். கடைசியில் அவரே ஒரு யோசனை சொன்னார்: ஈப்போவில் கேட்டுப் பாருங்கள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

போனால் போகிறது, ஒரு வட்ட அரமாவது கொடு என்றேன். .325-க்கு 4.8 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டரை எடுத்து நீட்டினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை.

அவர்களை மட்டும் திட்டி என்ன? இந்த அளவுகளை வைத்தவர்களைப் பிடித்துக் கேட்க வேண்டும். 3/8 என்று ஒன்று, சின்ன மிஷினுக்கு 3/8 லோ புரொஃபைல் என்று இன்னொன்று. எண் ஒன்றுதான், மாற்றிப் போட முடியாது. 18 இன்ச் பார், .325 பிட்ச், அதற்கே ஒரு ஸ்டில் மிஷினில் 68 லிங்க், ஒரு ஹஸ்க்வர்னாவில் 72. இதில் இன்ச்சை வைத்துக்கொண்டு நான் என்ன ஜோசியமா பார்ப்பது? பாரின் அடியில் எல்லாம் பொறித்திருக்கும், அதைப் பார் என்பார்கள் அறிவாளிகள். ரெண்டு வருஷம் எண்ணெயும் மரத்தூளும் தேய்த்த பாரில் ஒரு பூஜ்யம் மட்டும் மிச்சம் இருக்கும். எதன் பூஜ்யம் என்று யாருக்குத் தெரியும்?

இணையத்தில் வாங்கலாமே என்கிறான் மகன். பார்த்தேன். "18, 20, 22 இன்ச், எல்லா மிஷினுக்கும் பொருந்தும்." பிட்ச் இல்லை, கேஜ் இல்லை, லிங்க் இல்லை. தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. என்ன கட்டம்? நிறம்! கீழே ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருக்கிறார்: "சீக்கிரம் வந்தது, இன்னும் போட்டுப் பார்க்கவில்லை." இதைப் படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்ததில், வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

மரம் இன்னும் வேலிமேல்தான் கிடக்கிறது. அக்கம்பக்கத்தார் வந்து கிளைக்குள் காய் தேடுகிறார்களே தவிர, ஒருவரும் ஒரு கிளையை இழுத்துப் போடவில்லை.

அப்புறம் இன்னொன்று. முச்சந்திக் கடையில் பால் தேநீர், தே தாரிக், "கூராங் மானிஸ்", இனிப்பு கம்மி, என்று கேட்டால், பால் டின்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே "ஓக்கே அங்கிள், கூராங்" என்கிறானே, அவன் எதைக் குறைக்கிறான்? கிளாஸைத்தான் குறைத்திருக்கிறான். விலையை ஏற்றிவிட்டான்.